4.3 நட்சத்திர டிவியா, 4.1 நட்சத்திர டிவியா?

கேள்வி இதுதான். சாத்தூரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 43 அங்குல டிவி வாங்க வேண்டும். இணையக் கடையில் பார்த்து இரண்டை எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றுக்கு 4.3 நட்சத்திரம், மதிப்பிட்டவர்கள் 2,100 பேர். இன்னொன்றுக்கு 4.1, ஆனால் 18,000 பேர். இரண்டாவது கம்பெனியின் டிவிகளுக்கு, பொருள்களை ஆய்வகத்தில் சோதித்துச் சொல்லும் அமெரிக்க அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நல்ல மதிப்பெண் கொடுத்திருப்பதாகவும் படித்திருக்கிறீர்கள். இதில் எதை நம்புவது, இல்லை எதையுமே நம்பக் கூடாதா?

நம்பலாம். ஆனால் ஒவ்வொரு ரேட்டிங்கும் ஏதோ ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது, பெரும்பாலும் அது நீங்கள் கேட்கும் கேள்வி இல்லை. நீங்கள் கேட்பது "இந்த டிவி ஐந்து வருஷம் ஓடுமா, ஓடாவிட்டால் யார் வந்து பார்ப்பார்கள்?" என்று. நட்சத்திரம் போட்டவர் பதில் சொன்னது "பெட்டியைப் பிரித்தபோது எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு.

நான் மதுரையில் பதினாறு வருஷமாக டிவி, ஏசி போர்டு பழுது பார்க்கிறவன். அதனால் என் பேச்சையும் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் கண்ணில் படுவதெல்லாம் கெட்டுப்போனவை மட்டுமே. நன்றாக ஓடும் டிவியை யாரும் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவருவதில்லை. அதிகம் விற்கும் கம்பெனியின் டிவிதான் என் மேஜைக்கும் அதிகம் வரும். அதை வைத்து "அந்தக் கம்பெனி மோசம்" என்று நான் சொன்னால் அதுவும் தப்பான ரேட்டிங்தான். மெக்கானிக் சொன்னான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, நட்சத்திரத்துக்கு வருவோம். பொருள் வீட்டுக்கு வந்த சில நாளில் "எப்படி இருக்கிறது?" என்று செயலி கேட்கும். பெரும்பாலானவர்கள் அப்போதுதான் எழுதுகிறார்கள். ஏதாவது ஒரு டிவியின் பக்கத்தைத் திறந்து முதல் இருபது கருத்துகளைப் படித்துப் பாருங்கள். "பேக்கிங் சூப்பர்." "டெலிவரி பையன் மாடி வரைக்கும் தூக்கி வந்து வைத்தார்." "இன்னும் ஆன் பண்ணவில்லை, லுக் நன்றாக இருக்கிறது, ஐந்து ஸ்டார்." இவையெல்லாம் பொய் இல்லை. எழுதியவருக்கு அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன வருஷம் திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு வாத்தியார் 43 அங்குல டிவி கொண்டுவந்தார். வாங்கிப் பதினைந்து மாதம், வாரண்டி முடிந்து மூன்று மாதம். சத்தம் வருகிறது, படம் இல்லை. கடை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தேன். உள்ளே செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாக அசைந்தது. படம் காட்டும் பேனல் உயிரோடு இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் பேக்லைட் வெளிச்சம்தான் போய்விட்டது என்று அர்த்தம். திறந்து பேனலைத் தூக்கி, வெள்ளை ஷீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் அடியில் எல்இடி ஸ்ட்ரிப்புகள். ஒரு எல்இடி நடுவில் கறுத்திருந்தது. ஒரு ஸ்ட்ரிப்பில் எல்லா எல்இடியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கும். ஒன்று அறுந்தால் மொத்தமும் இருட்டு.

ஏன் கறுத்தது? மலிவு டிவியில் எல்இடிகளைக் குறைவாகப் போட்டு, அதிகக் கரண்ட் கொடுத்து வெளிச்சத்தை ஈடுகட்டுவார்கள். போதாததற்கு பேக்லைட் அளவு முழு அளவிலேயே இருக்கும்படி தொழிற்சாலையில் அமைத்து அனுப்புகிறார்கள். அதை யாரும் குறைப்பதில்லை. சூடு ஏற ஏற எல்இடியின் ஆயுள் குறையும்.

ஸ்ட்ரிப்பை மாற்றி, கூலியோடு 2,800 ரூபாய் வாங்கினேன். பணம் கொடுக்கும்போது வாத்தியார் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். வாங்கிய மூன்றாம் நாள் அவரே எழுதிய கருத்து: "பிரைட்னெஸ் வேற லெவல், கொடுத்த காசுக்கு மேல், ஐந்து ஸ்டார்." அன்றைக்கு அவர் மெச்சிய வெளிச்சம்தான் ஸ்ட்ரிப்பைத் தின்றிருக்கிறது. "இதைத் திருத்தினீர்களா சார்?" என்று கேட்டேன். "அட, அது ஞாபகமே இல்லை தம்பி" என்றார். அந்த ஐந்து நட்சத்திரம் இன்றைக்கும் சராசரியில் சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்தது சராசரி என்ற கணக்கு. நூறு பேர் மதிப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். 80 பேர் ஐந்து போடுகிறார்கள், 20 பேர் ஒன்று போடுகிறார்கள். 80 ஐந்து 400, அதோடு 20 சேர்த்தால் 420. சராசரி 4.2. ஐந்தில் ஒருவருக்கு டிவி பாழாகியிருக்கிறது, ஆனால் பக்கத்தில் நிற்பது 4.2 என்ற கௌரவமான எண். எண்பது பேர் நான்கும் இருபது பேர் ஐந்தும் போட்டிருந்தாலும் அதே 4.2 வரும். இரண்டும் ஒரே டிவியா? அதனால் நான் சராசரியைப் பார்ப்பதே இல்லை. அதன் கீழே இருக்கும் பட்டைகளில் ஒரு நட்சத்திரப் பட்டை எவ்வளவு நீளம் என்று பார்ப்பேன். ஒரே விலையில் இரண்டு மாடலை ஒப்பிட அந்த ஒரு பட்டை போதும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 32, 43, 55 அங்குலம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்து, எல்லா அளவுக்கும் சேர்த்து ஒரே ரேட்டிங் காட்டுவது உண்டு. 32-ம் 55-ம் பேர் ஒன்றாக இருந்தாலும் பேனலும் போர்டும் வேறு. 55 நன்றாக இருக்கிறது என்று எழுதிய ஆளை நம்பி நீங்கள் 43 வாங்கக் கூடாது. கருத்துகளில் அளவை வைத்து வடிகட்டும் வசதி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

போலி ரேட்டிங்கைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உண்டு, நிறையவே உண்டு. நானே ஒரு பவர் பேங்க் வாங்கியபோது பெட்டிக்குள் வழவழப்பான அட்டை ஒன்று இருந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய் திரும்பக் கிடைக்குமாம். இந்த அட்டை விவகாரம் உலகம் முழுக்க நடந்த ஒன்று. 2021-இல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகையாளர் ரேவ்பவர் சார்ஜர் பெட்டியில் 35 டாலர் பரிசு அட்டை ஆசை காட்டியதை வெளியே கொண்டுவந்தார். அந்தப் பிராண்டு அமேசானிலிருந்து காணாமல் போனது. அதே சமயத்தில் ஆக்கி, எம்பவ் போன்ற பெயர்களும் போயின. அந்த வருஷம் அமேசான் 600-க்கும் மேற்பட்ட சீனப் பிராண்டுகளை நீக்கியது. இவையெல்லாம் யாரும் கேள்விப்படாத பெயர்கள் இல்லை, ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களோடு முதல் பக்கத்தில் நின்றவை. விசேஷம் என்னவென்றால் அவற்றில் சில உண்மையிலேயே நல்ல சார்ஜர்கள். போலி ரேட்டிங் இருந்தால் பொருள் மட்டம் என்று அர்த்தம் இல்லை, அந்த எண்ணால் உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. மதிப்புரையை எப்படிச் சேகரிக்க வேண்டும், எப்படிச் சரிபார்க்க வேண்டும், எப்படி வெளியிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையில்தான் அது வந்தது, கட்டாயமாக வரவில்லை. போலியைக் கண்டுபிடித்துச் சொன்ன ஃபேக்ஸ்பாட் என்ற கருவியை மோசில்லா வாங்கி நடத்தியது, அதையும் 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். ஆக, சல்லடையை நாமேதான் பிடிக்க வேண்டும்.

போலியை ஒதுக்கிவிட்டாலும், நேர்மையானவர்கள் போடும் நட்சத்திரத்துக்கும் தரத்துக்கும் எவ்வளவு உறவு? 2016-இல் பார்ட் டி லாங்கேயும் இன்னும் இரண்டு ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்தார்கள். 120 வகைகளில் 1,272 பொருள்களை எடுத்து, அமேசான் சராசரியையும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸின் ஆய்வக மதிப்பெண்ணையும் அருகருகே வைத்தார்கள். ஏதாவது இரண்டு பொருளை எடுத்தால், நட்சத்திரம் அதிகம் பெற்றதே ஆய்வகத்திலும் மேலே வருவது 100-க்கு 57 முறை. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். பிராண்டின் பெயரும் விலையும் நட்சத்திரத்தை மேலே இழுப்பதையும் பார்த்தார்கள். விலை கொடுத்து வாங்கியவர் தான் ஏமாந்தேன் என்று ஒப்புக்கொள்வது கஷ்டம், அது எந்த ஊரிலும் அப்படித்தான்.

அப்படியானால் ஆய்வகத்தை நம்பலாமா? இதில்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936-இல் தொடங்கிய லாப நோக்கமில்லாத அமைப்பு. சோதிக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்குவார்கள், பத்திரிகையில் விளம்பரம் போடுவதில்லை. இந்த இரண்டும் பெரிய விஷயம். கம்பெனி பார்த்துப் பொறுக்கி அனுப்பிய பொருளும் கடையில் நீங்கள் எடுக்கும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இவர்களுக்கே 2016 டிசம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆப்பிளின் புதிய மேக்புக் ப்ரோவைச் சோதித்தார்கள். 13 அங்குல மாடல் ஒன்றில் பேட்டரி முதல் முறை 16 மணி நேரம் நின்றது, அடுத்த முறை 12.75, அதற்கடுத்த முறை 3.75. பரிந்துரைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு தோண்டிப் பார்த்தால், சோதனைக்காகச் சஃபாரி உலாவியில், பார்த்த பக்கங்களைச் சேமித்து வைக்கும் கேஷ் (cache) வசதியை அவர்கள் அணைத்து வைப்பது வழக்கமாம். சாதாரண ஆள் தொடாத அந்த அமைப்பு, ஆப்பிளின் மென்பொருளில் ஒளிந்திருந்த ஒரு பிழையைத் தட்டி எழுப்பியிருக்கிறது. ஆப்பிள் அதைச் சரிசெய்தது, மறுபடி சோதித்தார்கள், 2017 ஜனவரியில் பரிந்துரை கொடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை. எப்படிச் சோதித்தோம் என்று வெளியே சொன்னதால்தான் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்தது. நட்சத்திரம் போட்ட பதினெட்டாயிரம் பேரிடம் இப்படிப் போய்க் கேட்க முடியாது.

அதைவிட முக்கியமான சம்பவம் 2017 ஆகஸ்டில். மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் லேப்டாப்புகள் ஆய்வகத்தில் நன்றாகவே தேறியவை. ஆனால் வாங்கிப் பயன்படுத்தியவர்களிடம் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நடத்திய கணக்கெடுப்பில், இரண்டாம் வருஷ முடிவுக்குள் 25 சதவீதம் பேருக்கு ஏதாவது கோளாறு வரும் என்று மதிப்பீடு வந்தது. உடனே பரிந்துரையைத் திரும்பப் பெற்றார்கள். மைக்ரோசாஃப்ட் அந்தக் கணக்கை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் சில மாடல்களுக்குப் பரிந்துரை திரும்பி வந்தது. ஒரே பொருள், ஒரே அமைப்பு, இரண்டு ரேட்டிங். முதல் நாள் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் நல்ல பதில், இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் வேறு பதில். உங்கள் கேள்வி இரண்டாவது வகை.

ஆனால் அமெரிக்க மதிப்பெண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு சாத்தூருக்கு வர முடியாது. அங்கே விற்கும் மாடல் எண்ணும் இங்கே விற்கும் மாடல் எண்ணும் பெரும்பாலும் வேறு. அங்கே 120 வோல்ட், இங்கே 230. அதுவும் பேச்சுக்குத்தான் 230, சாயங்காலம் பம்ப் செட் ஓடும்போது அது எங்கே இறங்கும், கரண்ட் போய்த் திரும்ப வரும்போது எங்கே ஏறும் என்பது உங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் தெரியும். நம் நாட்டிலும் பொருள்களை வாங்கி ஒப்பிட்டுச் சோதிக்கும் அமைப்புகள் இருக்கின்றன, டெல்லியில் கன்ஸ்யூமர் வாய்ஸ், அகமதாபாத்தில் சிஇஆர்சி. தேடினால் கிடைக்கும் அவர்களுடைய அறிக்கைகளைப் பாருங்கள். டிவி விஷயத்தில் மட்டும் சோதித்து அச்சாவதற்குள் அந்த மாடலே கடையிலிருந்து போயிருக்கும். மிக்சி, மின்விசிறி, கீசர் போன்ற மெதுவாக மாறும் சாமான்களுக்கு இவை அதிகம் உதவும்.

மாடல் பெயர் மாறாமலே உள்ளே இருப்பது மாறுவதும் உண்டு. கம்ப்யூட்டரில் ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வகையில் குரூஷியல் பி2 இதற்கு நல்ல உதாரணம். அது வெளிவந்தபோது டிஎல்சி வகை நினைவகத்தோடு சோதனைக்குப் போய் நல்ல பெயர் வாங்கியது. பிறகு அதே பெயரில், அதே பெட்டியில், மெதுவான க்யூஎல்சி வகையை வைத்து விற்றது 2021-இல் தெரியவந்தது. பழைய ரேட்டிங் அப்படியே நின்றது. டிவியிலும் ஒரே மாடல் எண்ணுக்குள் இரண்டு மூன்று கம்பெனிப் பேனல்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பேர் கேட்டால் "பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் நம்பரைப் படித்துச் சொல்லுங்கள்" என்றுதான் கடைக்காரர் கேட்பார், டிவியின் மாடல் எண்ணை வைத்து யாரும் கொடுக்க மாட்டார்கள். அதனால் கருத்துகளைப் படிக்கும்போது "புதியவை முதலில்" என்று அடுக்கிப் படியுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த புகழ்ச்சி, வேறு ஒரு பொருளைப் பற்றியதாக இருக்கலாம்.

யூடியூப் விமர்சனங்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. பெரும்பாலும் கம்பெனி அனுப்பிய பீஸ், பத்து நாள் பயன்பாடு, கீழே கமிஷன் வரும் இணைப்பு. படம், சத்தம், ரிமோட், மெனு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க அவை நல்லவை, அதற்கு மட்டும் பாருங்கள்.

இன்னொரு நட்சத்திரத்தையும் மக்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏசி, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும், மின்சிக்கனத்துக்கான அரசு அமைப்பான பிஇஇ-யின் நட்சத்திரம். இது உண்மையில் அளந்து கொடுப்பது, நம்பத் தகுந்தது. ஆனால் அது மின்சாரச் செலவை மட்டுமே சொல்கிறது. ஐந்து நட்சத்திர ஏசி சீக்கிரம் கெடாது என்று எண்ணி வாங்கிய ஒரு அக்கா, இரண்டாவது கோடையில் போர்டு போனதும் என்னிடம் "ஃபைவ் ஸ்டார்னு சொன்னாங்களே தம்பி" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அந்த ஐந்துக்கும் போர்டுக்கும் சம்பந்தம் இல்லை. இந்த அளவுகோலும் அவ்வப்போது மாறும். ஏசி எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்று காட்டும் ஐஎஸ்இஇஆர் என்ற எண் 4.5 இருந்தால் ஐந்து நட்சத்திரம் என்று இருந்ததை 2022 ஜூலையில் 5.0 ஆக்கினார்கள். அதுவரை ஐந்தாக இருந்த 4.6 ஏசி மறுநாள் நான்கு நட்சத்திரம் ஆனது. அதனால் லேபிளில் நட்சத்திரத்தைவிட அந்த எண்ணையும், எந்த ஆண்டுகளுக்குச் செல்லும் என்று போட்டிருப்பதையும் பாருங்கள். லேபிளில் இருக்கும் ஆண்டு யூனிட் கணக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 200 நாள். நம் ஊர் வெயிலுக்கு அது பல வீடுகளில் போதாது.

சரி, நான் எப்படி வாங்குகிறேன்? போன தீபாவளிக்கு வீட்டுக்கு வாஷிங் மெஷின் வாங்கினேன். முதலில் மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படித்தேன். ஐந்து போட்டவர் சந்தோஷத்தில் இருக்கிறார், ஒன்று போட்டவர் கோபத்தில் இருக்கிறார், மூன்று போட்டவர்தான் உட்கார்ந்து யோசித்திருப்பார். "துணி நன்றாகத் துவைக்கிறது, ஆனால் மோட்டார் ஸ்பின்னில் இரைகிறது, தண்ணீர் அழுத்தம் குறைந்தால் நின்றுவிடுகிறது" என்று அவர் எழுதுவார். எங்கள் வீட்டில் தொட்டி மாடியிலிருந்து ஆறடி உயரத்தில்தான் இருக்கிறது. அந்த ஒரு வரி எனக்கு 5,000 நட்சத்திரத்துக்குச் சமம்.

அப்புறம் ஒரு நட்சத்திரக் கருத்துகளில் ஒரே பழுது திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடினேன். ஒருவருக்கு டிரம் உடைந்தது, ஒருவருக்குப் பெட்டி நசுங்கி வந்தது, ஒருவருக்கு டெலிவரி தாமதம் என்றால் கவலை இல்லை. ஆறு பேர் ஆறு ஊரிலிருந்து ஒரே பிழை எண்ணைச் சொன்னால் அந்த மாடலை விட்டுவிட வேண்டியதுதான். தேடும் பெட்டியில் "ஒரு வருடம் கழித்து", "வாரண்டி முடிந்து", "போர்டு", "சர்வீஸ்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டிப் பார்ப்பேன். கடைசியாக, வாங்கும் முன்னாலேயே சர்வீஸ் சென்டருக்குப் போன் அடித்தேன். "இந்த மாடலுக்கு மெயின் போர்டு கையில் இருக்கிறதா, சொல்லிவைத்தால் எத்தனை நாளில் வரும்?" ஒரு கம்பெனியில் "சென்னையிலிருந்து வரணும், ஒரு வாரம்" என்றார்கள். இன்னொன்றில் மூன்று முறை இழுத்தடித்துக் கடைசிவரை ஆள் எடுக்கவே இல்லை. அதன் ரேட்டிங் 4.4.

இப்போது உங்கள் இரண்டு டிவிக்கு வருகிறேன். 2,100 பேரும் 18,000 பேரும் இரண்டுமே போதுமான கூட்டம்தான், எண்ணிக்கை குறைவு என்பதால் 4.3-ஐ ஒதுக்க வேண்டாம். அது எப்போது விற்பனைக்கு வந்தது என்று பாருங்கள். முதல் கருத்தின் தேதி நான்கு மாதத்துக்கு முன்னால் என்றால், அது புதுமாப்பிள்ளை வாங்கும் நல்ல பெயர். அதில் யாருக்கும் இன்னும் ஸ்ட்ரிப் போக நேரமே வரவில்லை. 4.1 இரண்டு வருஷமாக விற்கிறது என்றால் அந்த எண்ணுக்குள் கெட்டுப்போனவர்களின் கோபமும் ஓரளவு சேர்ந்திருக்கிறது. அப்படி இருந்தும் 43 அங்குலத்துக்கு மட்டும் வடிகட்டிப் பார்த்து ஒரு நட்சத்திரம் பத்து சதவீதத்துக்குள் நின்றால், நான் 4.1-ஐத்தான் எடுப்பேன். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் மதிப்பெண்ணை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது அந்தக் கம்பெனியின் வேறு மாடலுக்கு, வேறு நாட்டில்.

அதற்கு முன் விருதுநகர், சாத்தூர்ப் பக்கம் அந்தக் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் சர்வீஸ் சென்டர் எது என்று கேட்டு ஒரு போன் போடுங்கள். இரண்டில் எது போனை எடுக்கவில்லையோ அதை விட்டுவிடுங்கள். டிவி வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், உடைந்திருந்தால் மாற்றிக் கேட்க அது வேண்டும். பில்லை அப்பாவிடம் கொடுத்து பீரோவில் வைக்கச் சொல்லாமல் உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கள். எதற்கும் வழி கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மாட்டியவுடன் படத்தின் மோடை "விவிட்"-இலிருந்து "ஸ்டாண்டர்டு"க்கு மாற்றி, பேக்லைட்டை 60-க்கு இறக்குங்கள். முதல் இரண்டு நாள் அம்மா "படம் மங்கலா இருக்கே" என்பார்கள், மூன்றாம் நாள் பழகிவிடும்.